நாள் தள்ளிப்போனால் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கர்ப்பத்தைப் பதிவுசெய்ய வரும் பெண்ணிடம், கிராம சுகாதார செவிலியரான நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?”

“தைராய்டுக்குச் சாப்பிட்டுட்டு இருந்தேன் நர்சம்மா. நாள் தள்ளிப்போனதும் நிறுத்திட்டேன்” என்று பதில் வந்தால் மனசு பதறிவிடும். அலட்சியத்தால் நிறுத்துகிறவர்கள் இல்லை இவர்கள். வயிற்றுப் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். மாசமாக இருப்பவள் கண்ட மாத்திரையையும் விழுங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. தலைவலி மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாதுதான். ஆனால் தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரை அந்த வகையில் சேராது. கழுத்துச் சுரப்பி இயல்பாகச் சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் அது. சுரப்பு குறைந்தவர்களுக்கு அந்தக் குறையை மாத்திரை ஈடுகட்டுகிறது.

கருவின் தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கவே சுமார் 12 வாரம் ஆகும். தனக்குப் போதுமான அளவு சுரக்க ஐந்தாம் மாதம் நெருங்கிவிடும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். அது குறைந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு என்று ஆபத்துகள் கூடுகின்றன.

நிறுத்துவது இருக்கட்டும், பழைய அளவே பலருக்குப் போதாது. கர்ப்பத்தில் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணிடம், நாள் தள்ளியதும் வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 போடும்படி மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பதுண்டு. அப்படிச் சொல்லப்படாதவர்கள் தாங்களாகக் கூட்ட வேண்டாம். அந்த வாரமே டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

இன்னொரு சிக்கல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாங்களே தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகள். இரண்டும் அவசியமானவை. ஆனால் தைராக்சினோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால் அதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் கணக்கு இதுதான்: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் கால்சியம். இடையில் நான்கு மணி வாக்கில் இரும்புச்சத்து மாத்திரை, அதோடு டீ வேண்டாம்.

காபியும் தைராக்சினைத் தடுக்கும். ஒரு வீட்டில் மருமகள் எழுந்ததும் மாமியார் ஆசையாகக் காபி நீட்டுவார். மாத்திரையும் அதோடேயே போகும். “பெரியம்மா, அந்தக் காபியை ஒரு மணி நேரம் கழிச்சுக் குடுங்க, உங்க பேரப்பிள்ளைக்காக” என்றேன். அன்றிலிருந்து விடிந்ததும் தண்ணீரும் மாத்திரையுமாக நிற்பவர் அவர்தான். மசக்கையில் காலை மாத்திரை வாந்தியாகிப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடவும் வழியிருக்கிறது; அப்படியானால் இரவுச் சாப்பாட்டோடு போடும் கால்சியத்தை வேறு நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

பிரசவமானதும் பெரும்பாலும் பழைய அளவுக்கே குறைத்துவிடுவார்கள்; சுமார் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டே தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைக்கு ஆசைப்படும் பெண்கள், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.