ஜிம்மி உயிரோடுதான் இருந்தார்

1948 மே 22, சனிக்கிழமை இரவு. அமெரிக்கா முழுவதும் விரும்பிக் கேட்ட ஒரு வானொலி நிகழ்ச்சியை ஹாலிவுட்டிலிருந்து நடத்திக்கொண்டிருந்தார் ரால்ஃப் எட்வர்ட்ஸ். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் படுத்திருந்த 12 வயதுப் பையனோடு அவர் பேச்சுக் கொடுத்தார். எந்த பேஸ்பால் வீரரைப் பிடிக்கும் என்று கேட்டார். பையன் பெயர் சொல்லச் சொல்ல, பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் அந்தந்த வீரர் கட்டிலருகே வந்து நின்றார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் பேசி முடித்த பிறகு, அவன் காதில் விழாதபடி, எட்வர்ட்ஸ் நேயர்களிடம் விஷயத்தைச் சொன்னார். இவனுக்குப் புற்றுநோய், அது இவனுக்கே தெரியாது. பிரேவ்ஸ் ஆட்டத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்க ஒரு டி.வி. வாங்கித் தர வேண்டும், கூடவே ஆராய்ச்சிக்கும் உதவ வேண்டும். 20,000 டாலர் சேரட்டும் என்றார். அந்த ஆண்டில் 2,31,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. டி.வி.யும் வந்தது. பையனின் பெயரை மறைக்க வைத்த புனைபெயர் ஜிம்மி. அதனால் அது ‘ஜிம்மி நிதி’ ஆயிற்று.

அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தவர் டாக்டர் சிட்னி ஃபார்பர். குழந்தைகளின் நோய்க்கூறுகளை ஆராய்வது அவர் வேலை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும் என்பதை யாரும் எதிர்த்துக் கேட்காத காலம் அது. அவர் அந்தக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகம் எடுத்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்து லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிந்ததே தவிர, தீரவில்லை. ஆனாலும் ரத்தப் புற்றைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் அன்றுதான் கண்டது.

லெடர்லியில் அந்த ஆராய்ச்சியை வழிநடத்திய யெல்லாப்ரகட சுப்பாராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அதே 1948 ஆகஸ்டில் மறைந்தார். அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. நம் சென்னையில் படித்த ஒருவரை நாம் இவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஜிம்மி என்ன ஆனான்? இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்துவிட்டார்கள். 1997இல் அவருடைய சகோதரி எழுதிய கடிதம் ஒன்று நிதியத்துக்கு வந்தது. ஐனார் குஸ்டாஃப்சன் என்ற அந்தப் பையன் மெய்ன் மாநிலத்தில் வளர்ந்து, லாரி ஓட்டி, மூன்று பெண்களைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார். அன்று கொடுத்த பிரேவ்ஸ் சீருடை கூட அவரிடம் பத்திரமாக இருந்தது. அடுத்த ஆண்டு அவர் யார் என்பது ஊருக்கே தெரிந்தது. நிதியத்தின் கௌரவத் தலைவராக இருந்து, 2001 ஜனவரியில், 65 வயதில் பக்கவாதத்தால் இறந்தார்.

நோயாளிக் குழந்தையின் பெயரை மறைத்தது சரி. ஆனால் பிழைத்தவர் இருப்பதே தெரியாமல் போனது பெரிய இழப்பு. நம் வீடுகளில் இந்த இழப்பு தினமும் நடக்கிறது; பிழைத்தவர்கள் இங்கும் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல், பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில், 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1980களில் அடையாறும், மும்பை டாடா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் குழந்தைகளுக்கேற்ற ரத்தப் புற்றுச் சிகிச்சைமுறை ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன் பிறகு பிழைத்தவர்கள் நம் நடுவே ஆசிரியர்களாக, பொறியாளர்களாக இருக்கிறார்கள். ஆனால் ‘வரன் அமையாது, வெளியே சொல்லாதே’ என்ற பேச்சில் அவர்கள் கதை அடங்கிவிடுகிறது. ‘கேன்சர் வந்தா அவ்வளவுதான்’ என்ற நம்பிக்கையும் அப்படியே நிற்கிறது. அந்த நம்பிக்கையில்தான் பல பெற்றோர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகளில் பல இடங்களில் அது 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்ததும் நாம் அள்ளிக் கொடுக்கிறோம். அது பெரிய மனசு. ஆனால் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்குக் காட்ட ஒரு முகம் இல்லை. பிழைத்தவர்கள் முன்வந்தால் அந்த முகம் கிடைக்கும். அவர்கள் தொடர்பில் இருப்பதே பாதி ஆராய்ச்சி. சில கீமோ மருந்துகள் பல ஆண்டு கழித்து இதயத்தைப் பாதிக்கும் என்று தெரிந்ததே, பிழைத்தவர்கள் தொடர்ந்து பரிசோதனைக்கு வந்ததால்தான். எனவே சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெற்றோர், எந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது அந்தக் காகிதமும் கூடப் போகட்டும்.