பின்மேட்டில் நிற்கும் செண்டுடுக்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களிடம் செண்டுடுக் செடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பழத்தைத் தின்றுவிட்டு ஊதா நாக்கை நீட்டிக் காட்டிய கதை வரும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘மெலஸ்டோமா’ என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘கறுத்த வாய்’ என்றே பொருள்!

இன்றோ, மேட்டோரம் வீடு வாங்கும் பலர் பின்பக்கச் சரிவில் தானாக முளைத்த இந்தச் செடியைக் களை என்று வெட்டிவிடுகிறார்கள். வெறும் மண்ணில் நம் ஊர் மழை நேரடியாக விழுந்தால் என்னாகும்? துளிகள் மண்ணைத் தெறிக்க வைக்கும்; ஓடும் நீர் அதை அரித்துக் கால்வாயில் சேர்க்கும். செண்டுடுக்கின் அடர்ந்த இலைகள் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மேல்மண்ணைக் கட்டிப் பிடிக்கின்றன. உரம் கேட்காது, புளிப்பேறிய, சத்தில்லாத செம்மண்ணிலும் வளரும். மிளகும் கம்பீரும் பயிரிட்டுச் சத்திழந்த சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் மேட்டிலும் இது செழித்து நிற்கிறது.

ஆனால் ஒன்று. 2022 டிசம்பரில் 31 உயிர்களைப் பறித்த பத்தாங்காலி நிலச்சரிவு போன்றவற்றைப் புதர்ச்செடி தடுக்காது. செடி காப்பது மேல்மண்ணை மட்டுமே. சரிவில் விரிசல் தெரிந்தாலோ, சுவர் சாய்ந்தாலோ, புதிதாக நீர் கசிந்தாலோ பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

செடியை நட்டால் விருந்தாளிகளும் வருவார்கள். பூ ஒருநாள்தான் இருக்கும் என்றாலும் தினமும் புதிது மலரும். பெரிய கருவண்டுகள் பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு, அந்த அதிர்விலேயே மகரந்தத்தை உதிர்த்தெடுப்பதைக் காலையில் பார்க்கலாம். பழம் வெடித்ததும் முதுகு சிவந்த குட்டிப் பூங்கொத்திகள் வந்துவிடும். விதையைப் பரப்புவதும் அவைதான்.

நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள், அல்லது தெரிந்தவர் வீட்டுச் செடியிலிருந்து குச்சி வெட்டி நடுங்கள். பூங்காவிலோ காட்டிலோ பிடுங்க வேண்டாம். நல்ல வெயில் தேவை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெயில் படும் இடத்தில் பெரிய தொட்டியில் வைக்கலாம்.

ஏறத்தாழ இதே இலையுடன் இன்னொரு செடி உண்டு: வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளில் பரவும் கிளைடெமியா. சிறிய வெள்ளைப் பூ, ரோமம் படர்ந்த, வெடிக்காத கருநீலப் பழம். அதைக் கண்டால் தயங்காமல் வேரோடு பிடுங்குங்கள்.