வட்டார ஜெட் விமானங்களும் விமானிகளின் வரம்பு விதியும்

வரம்பு விதி (ஸ்கோப் கிளாஸ்) என்பது அமெரிக்க விமான நிறுவனங்கள் தம் விமானிகள் சங்கங்களுடன் செய்துகொள்ளும் தொழில் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பிரிவாகும். நிறுவனத்தின் பெயரில் பறக்கும் எந்தெந்த விமானங்களை வெளி நிறுவன விமானிகள் ஓட்டலாம் என்பதை இது வரையறுக்கிறது.

பின்னணி

1978-இல் விமானப் போக்குவரத்து மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபின், பெரிய நிறுவனங்கள் சில நகரங்களை மையங்களாக்கின. சிறு நகரப் பயணிகளை அம்மையங்களுக்குக் கொண்டுவரும் பணி வட்டார நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றின் சிறிய டர்போபுராப் விமானங்கள் குறுகிய தொலைவே சென்றதால், பெரிய நிறுவன விமானிகள் அவற்றைப் போட்டியாகக் கருதவில்லை.

ஜெட் விமானங்களின் வருகை

1992-இல் கனடாவின் பம்பார்டியர் சிஆர்ஜே-100 விமானமும், சில ஆண்டுகளில் பிரேசிலின் எம்ப்ரேயர் இஆர்ஜே-145 விமானமும் சேவைக்கு வந்தன. சுமார் 50 இருக்கைகள் கொண்ட இவை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் பறக்கவல்லவை. எனவே, பெரிய விமானங்கள் சென்ற தடங்களையும் குறைந்த ஊதியம் பெறும் வட்டார விமானிகளிடம் மாற்றித்தர முடிந்தது. கால அட்டவணையையும் கட்டணத்தையும் பெரிய நிறுவனமே முடிவுசெய்யும். வட்டார நிறுவனத்துக்குப் பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்திராத ஒரு தொகை கிடைக்கும்.

விமானியின் ஊதியமும் பதவியும் பணிமூப்பைச் சார்ந்தவை. ஒரு தடம் வெளியே போனால் அதற்குரிய கேப்டன் இருக்கையும் போய்விடும். சங்கங்களின் அச்சத்துக்கு இதுவே காரணம்.

போராட்டங்கள்

வட்டார ஜெட்களை யார் ஓட்டுவது என்ற பிணக்கில் 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அதிபர் கிளிண்டன் உடனே தலையிட்டதால் அது சில நிமிடங்களில் முடிந்தது. 2001-இல் டெல்டாவின் துணை நிறுவனமான கோம்ஏர் விமானிகள் கூடுதல் ஊதியம் கோரி 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

தளர்வும் விளைவுகளும்

யுனைடெட் 2002-இலும் டெல்டா 2005-இலும் திவால் பாதுகாப்பு கோரின. அக்காலத்தில் ஊதியக் குறைப்புடன் வரம்புகளும் தளர்ந்தன. இன்று முன்னணி நிறுவனங்களில் பொதுவான உச்சவரம்பு 76 இருக்கைகள், 86,000 பவுண்டு (சுமார் 39 டன்) புறப்பாட்டு எடை ஆகும்.

இவ்வரம்பு விமான வடிவமைப்பையும் பாதித்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் எம்ப்ரேயர் இ175-இ2, எடை மிகுதியால் அமெரிக்க வட்டார நிறுவனங்களுக்குள் நுழைய முடியவில்லை. மறுபுறம், யுனைடெட்டுக்காக உருவான சிஆர்ஜே-550 விமானத்தில், கூடுதல் இருக்கைகளுக்கு இடமிருந்தும் 50 இருக்கைகளே பொருத்தப்பட்டுள்ளன.