உகாய்க் குச்சியும் வாய்த் தூய்மையும்: பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து

மனித உடலில் வாய்க்குத் தனிச் சிறப்பு உண்டு. உணவு செல்லும் வாயிலும் அதுவே; இறைவசனம் ஓதப்படும் இடமும் அதுவே. ஆகவேதான் இஸ்லாம் வாய்த் தூய்மையை வழிபாட்டோடு பிணைத்து வைத்தது. சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்று அஞ்சியிராவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டளையாகவே ஆக்கியிருப்பேன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இரவில் துயிலெழுந்ததும் அவர்கள் மிஸ்வாக்கால் வாயைத் துலக்கியதை ஹுதைஃபா (ரலி) அவர்களும், இறுதி நேரத்திலும் அதனை விரும்பிப் பயன்படுத்தியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் எடுத்துரைத்துள்ளனர்.

அரபு மக்கள் இதற்குச் சிறப்பாகக் கொண்டது அராக் என்னும் மரத்தின் வேரும் கிளையுமாகும். அது பாலைவனத்திற்கே உரிய மரம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தமிழ் மண்ணுக்கும் பழைய உறவே. சங்க அகப்பாடல்களில் பாலைநிலத்து மரமாகக் காட்டப்படும் உகாய் இதுவே என்பது தாவரவியல் அறிந்தோர் கருத்து. வறண்ட நிலத்தைப் போலவே உப்பேறிய கரையிலும் அது தழைக்கும். கோடியக்கரைக் காட்டிலும், பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த உவர் நிலங்களிலும், ஏரியைக் கடலினின்று பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் திட்டிலும் அதனைக் காணலாம். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்புவதற்கு முன்பே அரபு வணிகத் தொடர்பு கொண்டிருந்த பழவேற்காட்டில், அராக்கும் உகாயும் ஒன்றென்பது பொருத்தமான செய்தியாகும்.

கடல்தொழில் செய்வோருக்கு இக்குச்சி எவ்வளவு ஏற்றது என்பதும் சிந்திக்கத்தக்கது. தாம் கடலில் செல்லும்போது குறைந்த நீரையே எடுத்துச் செல்வதாகவும், அதில் உளூச் செய்தால் தாகத்தால் வருந்த நேரும் என்றும் ஒருவர் முறையிட, கடல்நீர் தூய்மையானதே என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி நபிமொழி நூல்களில் உள்ளது. குடிநீரைச் சிக்கனமாகச் செலவிடும் படகு வாழ்க்கையில், நீரோ பற்பசையோ வேண்டாத ஒரு குச்சி பெரிய வசதியன்றோ!

இமாம்களின் எச்சரிக்கை

அராக்கு சிறந்தது என்றாலும், பல்லின் அழுக்கை அகற்றும் சொரசொரப்பான தூய பொருள் எதுவும் போதும் என்பது ஷாஃபிஈ சட்டநூல்களின் விளக்கம். ஆகவே வேம்பும் ஆலும் கருவேலும் பயன்படுத்துவோரும் அந்த ஸுன்னத்திலிருந்து விலகியவர் ஆகார். நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது அம்மத்ஹபின் பெயர்பெற்ற கருத்து. ஹனஃபி மத்ஹபில் அத்தடை இல்லை.

1350இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள், இன்னதென்று அறியாத மரத்தின் குச்சியைப் பயன்படுத்தலாகாது, அது நஞ்சாக இருக்கக்கூடும் என்று எச்சரித்துள்ளார்கள். அளவு கடந்து தேய்த்தால் பல்லின் பளபளப்பு கெடும் என்றும் அறிவுறுத்தியுள்ளார்கள். முதல் எச்சரிக்கை நம் கடற்கரைக்கு மிகவும் தேவையானது. தமிழகக் கழிமுகக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். மரம் அறிந்தவரைக் கொண்டே குச்சி எடுக்க வேண்டும். உகாயை அதன் கடுகு போன்ற காரநெடியால் இனங்காணலாம். வேரைத் தோண்டினால் மரம் பட்டுப்போகும். ஆதலால் இளங்கிளைகளை அளவோடு நறுக்குவதே நலம்.

அறிவியல் காட்டுவது

அந்தக் காரநெடிக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் கந்தகச் சேர்மம். பல்லீறு நோயோடு தொடர்புடைய சில நுண்ணுயிரிகளை அது விரைவாக அழிப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினர். இதனோடு கறை போக்கும் சிலிக்காவும், ஈறை இறுகச் செய்யும் துவர்ப்புப் பொருள்களும் குச்சியில் உள்ளன. எனினும் ஆய்வுக்கூடத்தில் கண்டது அனைத்தும் வாய்க்குள் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது. பல் சொத்தையைத் தடுப்பதில் உறுதியான சான்று பெற்றது ஃபுளூரைடு கலந்த பற்பசையே. இரவில் பற்பசையும் தொழுகை வேளைகளில் மிஸ்வாக்குமாகக் கொள்வது இரண்டின் பயனையும் தரும்.

குச்சியின் நுனித் தோலை அரை அங்குலம் நீக்கி, நீரில் நனைத்து, மென்று தூரிகைபோல் ஆக்க வேண்டும். ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி மென்மையாகத் துலக்குதல் வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து கீழிறங்கும். கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை மறத்தலாகாது. நார் நைந்ததும் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட வேண்டும். அடுப்புக்கரி, செங்கல்தூள், மணல் ஆகியவை பல்லின் மேற்பூச்சை அரித்துவிடும்.

கைவைத்தியமும் அதன் எல்லையும்

ஈறு வீக்கத்திற்கு வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பது நல்லது. ஆனால் கழிவுகள் கலக்கும் ஏரிநீரை அதற்குப் பயன்படுத்தாமல், காய்ச்சிய நன்னீரில் உப்பிட்டுக் கொள்ள வேண்டும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தற்காலிக மரப்பைத் தரும். அதனைப் பஞ்சில் ஓரிரு துளி தோய்த்துச் சொத்தையில் மட்டும் வைக்க வேண்டும், ஈறில் பட்டால் புண்ணாகும். வலி மாத்திரையைப் பல்லருகில் அடக்கி வைப்பதும் அவ்வாறே சுட்டுவிடும். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரையும், துவர்ப்பு மிக்க மாசிக்காய், கடுக்காய்க் கொப்பளிப்பும் நம் முன்னோர் கைக்கொண்டவை.

இவையெல்லாம் நோவைத் தணிப்பவை. சொத்தையை நிரப்புபவை அல்ல. வலி நின்றதனால் நோய் நீங்கியதாகாது. கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, வாய் திறக்க இயலாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவு உடையோருக்கு ஈறுநோய் விரைவில் முற்றும். ஈறுநோய் சர்க்கரையையும் கட்டுப்பாடு இழக்கச் செய்யும்.

எல்லாவற்றிலும் கொடியது புகையிலை. இரவு முழுவதும் வலையோடு விழித்திருப்போருக்கு அது தூக்கத்தையும் பசியையும் மறக்கச் செய்யும் துணையாகத் தோன்றுகிறது. புகையிலை கலந்த பல்பொடியை நடுவண் அரசு 1992இல் தடை செய்தது. குட்காவைத் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு உறுதி செய்துள்ளது. இரண்டு வாரங்களில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பு நாளுக்கு நாள் குறுகுதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இவற்றுக்குக் கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்துவது உயிருக்கே உலையாகும். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாக்கத்தக்க நோயை வலியில்லை என்ற காரணத்தால் வளரவிடுவது பெரும் இழப்பன்றோ!

ஒரு கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு மறுபுறம் மிஸ்வாக்கால் துலக்குவதில் ஸுன்னத்தின் உயிர் இல்லை. வாயைத் தூய்மையாக்குவதும் இறைவனின் பொருத்தத்தைப் பெறுவதுமே மிஸ்வாக்கின் நோக்கமென அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழி வந்த செய்தி உணர்த்துகிறது. குச்சியை எடுக்கும் கை புகையிலைப் பொட்டலத்தைக் கைவிடுமானால், உகாய் வளரும் கரையில் வாழ்வோர் அந்த இரண்டு நன்மைகளையும் ஒருங்கே அடைவர்.