ராமேஸ்வரம் கடல் சஃபாரி: இப்போ எந்த உயிரினங்களைப் பார்க்கலாம், எதையெல்லாம் பார்க்க முடியாது?

சஃபாரி பார்க்குக்குப் போனா டிக்கெட் கவுன்டர் பக்கத்துலயே ஒரு போர்டு இருக்கும். சிங்கம், புலி, வரிக்குதிரைன்னு படத்தோட லிஸ்ட். ஒரு விலங்கு போய் இன்னொரு விலங்கு வந்தா, அந்த போர்டை மாத்திடுவாங்க. ராமநாதபுரம் கடலோரத்துலயும் சஃபாரி உண்டு. குருசடைத் தீவுக்குப் படகு, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம், தனுஷ்கோடியில் பறவைகள் என வீக் எண்ட் பிளான் போடுறவங்க அதிகமாகிட்டாங்க. ஆனா, இங்கே போர்டும் கிடையாது, கூண்டும் கிடையாது. லிஸ்ட் மட்டும் மாறிட்டே இருக்கு. அதை யார் மாத்துறாங்க?

தொட்டியில் வாழ்ந்த ஆவுளியா

கடல் பசுவை இந்தக் கடலோர மீனவர்கள் 'ஆவுளியா' என்பார்கள். 1959-ல் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஜோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்க்க ஆரம்பித்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் அவை அங்கே வாழ்ந்தன. ஆவுளியா என்ன சாப்பிடும், எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய முக்கியமான குறிப்புகள் அந்தத் தொட்டியிலிருந்துதான் கிடைத்தன.

இன்னைக்கு அப்படி ஒரு தொட்டியைச் சுற்றுலாவுக்காக யாரும் வைக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் ஆவுளியா இருக்கிறது. புலிக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு. டால்பின் ஷோவுக்கும் இதே கதைதான். 90-களின் இறுதியில் சென்னை இ.சி.ஆர் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. 2013-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக்கூடாது என மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

சரி, கடல்ல போய்ப் பார்க்கலாமா? ரொம்பக் கஷ்டம். ஒரு பெரிய ஆவுளியா தினமும் 30 முதல் 40 கிலோ வரை கடல் புல் சாப்பிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரே ஒரு குட்டி போடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கணும். வலையில் சிக்கினா மேலே வர முடியாமல் மூச்சுத் திணறியே செத்துப்போகும். கடல் புல்தரை அழிந்தால் சாப்பாடும் போச்சு. இந்தியக் கடல்களில் மிச்சமிருப்பது சுமார் 240 என்பது அரசின் கணக்கு. அதில் பெரும்பகுதி நம்ம தமிழ்நாட்டுப் பக்கம்தான்.

அதனால்தான் 2022-ல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத் தொகை கொடுக்கிறது. வலை கிழிஞ்சா நஷ்டம் அவங்களுக்குத்தான். அதைத் தாங்கிக்கிட்டுத்தான் விடுறாங்க.

கண்ணாடிக்குக் கீழே...

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து, 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 560 சதுர கிலோமீட்டர். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்து நிறுத்தும் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல காலம் வெட்டி எடுத்ததில், தீவுகள் அரிப்புக்குப் பலியாகின.

இந்தத் தீவுக் கூட்டத்தில் ஒன்றுதான் குருசடை. இந்தப் பக்கக் கடலில் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து கீழே பார்த்தா பவளப்பாறைகள், கிளி மீன்கள், நட்சத்திர மீன்கள் தெரியலாம். பவளம் பார்க்கப் பாறை மாதிரி இருந்தாலும் அது உயிர். சின்னச்சின்ன விலங்குகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தருகிறது. நிறத்துக்கும் முக்கியக் காரணம் அதுதான். தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெள்ளையாகிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லைன்னா பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் இது நடந்தது.

வெளியிலிருந்து வந்த ஒரு பாசியும் இந்த லிஸ்ட்டை மாத்தியிருக்கு. கப்பாஃபைகஸ். ஒரு குளிர்பான நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இங்கே வளர்க்கப்பட்டதால், ஊர்க்காரங்க வச்ச பேரு 'பெப்சி பாசி'. மண்டபம் பகுதியில் பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. அதே பாசி குருசடையில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். போர்வை மாதிரி மூடிக்கிட்டா, பவளத்துக்கு வெளிச்சம் ஏது?

பூநாரைக்கு ஒரு சரணாலயம்

நல்ல சேதியும் இருக்கு. குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கும் பெரிய பூநாரைகளுக்காக, 2025 ஜூன் 5 அன்று, சுமார் 525 ஹெக்டேரில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பூநாரையின் ரோஸ் கலர் பிறவியில் வருவது இல்லை. அது சாப்பிடும் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறுகிறது. சாப்பாடு சரியில்லைன்னா கலரும் வெளுக்கும். அதனால பூநாரை வேணும்னா, அது மேயுற சேற்றையும் தேங்குற தண்ணியையும் சேர்த்துத்தான் காப்பாத்தணும்.

கடையில் வாங்கினாலும் குற்றமே

2001-ல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை இதையெல்லாம் யாராவது 'சும்மா ஷோகேஸுக்குத்தான் சார்' என்று நீட்டினாலும் வாங்காதீங்க. குறைந்தபட்ச தண்டனையே 3 ஆண்டு சிறை. எல்லாச் சங்குக்கும் தடை இல்லை. ஆனா, சில வகைகளுக்கு உண்டு. எது எதுன்னு தெரியலைன்னா விட்டுடுறதுதான் சேஃப்.

போறதுக்கு முன்னாடி

- பூநாரை பார்க்கணும்னா குளிர்கால மாதங்களில், காலை நேரத்தில் போங்க. போட்டோவுக்காகக் கூட்டத்தைப் பறக்க விடாதீங்க. பயந்து பறக்குற ஒவ்வொரு முறையும் அதுக்குச் சாப்பிடுற நேரமும் தெம்பும் வீண்.
- வனத்துறை அனுமதித்த படகில் மட்டும் ஏறுங்க. தேசியப் பூங்காவின் தீவுகளில் நினைச்ச இடத்துல இறங்க முடியாது.
- ஆழமில்லாத இடத்துல பவளத்து மேல கால் வைக்காதீங்க. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்றதே பெரிய விஷயம். உடைய ஒரு மிதி போதும்.
- 'ஆவுளியாவைக் காட்டுறேன், எக்ஸ்ட்ரா காசு கொடுங்க'ன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. துரத்திப் போற படகு அதுக்கு ஆபத்து.

சிங்கம் இல்லைன்னா பார்க் நிர்வாகம் வேற ஊர்ல இருந்து ஒண்ணைக் கொண்டுவரும். ஆவுளியாவை அப்படி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. படகுல ரெண்டு மணி நேரம் சுத்தியும் அது கண்ணுல படலைன்னா ஏமாற்றமா இருக்கும்தான். இருந்தாலும் பரவாயில்லை. உங்க படகுக்குக் கீழே எங்கேயோ அது நிம்மதியா புல் மேயட்டும்.