கன ‘மலை’ பெய்த கதை

“அன்னைக்கு தனுஷ்கோடியில கன மலை பெய்தது.”

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் செல்போனில் இப்படிப் பேசிப் பதிவு செய்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பதிவைத் திரும்பப் போட்டோம். கேட்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தாத்தா, மலை எப்படிப் பெய்யும்?” என்று என்னையே கேட்டான். பிறகு வராந்தாவில் நின்றுகொண்டு ‘மழை, மழை’ என்று நாக்கை மடித்து மடித்துச் சொல்லிப் பார்த்தான். இரண்டு வருடம் நான் திருத்தியும் வராத ழகரம், தன் குரலைத் தானே கேட்ட அரை மணியில் வந்தது.

நான் தமிழ்ப் பண்டிதன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் இங்கேயே ஓய்வு பெற்றவன். வகுப்பை நடத்தி வந்த அம்மையார் மகனோடு புனேவுக்குக் குடிபோனதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்போது பதினெட்டுப் பிள்ளைகள். சிறிது சிறிதாகக் குறைந்து ஏழு பேரில் வந்து நின்றது. நாம் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் பிள்ளைகள்தான் எல்லோரும். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்த சமயத்தில்தான், பிள்ளைகளையே பாட்காஸ்ட் செய்ய வைத்தால் என்ன என்று தோன்றியது.

பாட்காஸ்ட் என்றால் மிரள வேண்டாம். வானொலி நிகழ்ச்சி போன்றதுதான். நமக்குச் சௌகரியமான நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். தமிழில் வலையொலி என்கிறார்கள். ஐபாட் என்ற கருவியின் பெயரையும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டவைத்துப் பிறந்த இந்தப் பெயர், 2004 பிப்ரவரியில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் வந்தது. அதே மாதத்தில்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நம் நாட்டின் முதல் வளாக வானொலி தொடங்கியது. அதற்கு ஸ்டூடியோ, டிரான்ஸ்மிட்டர், லைசென்ஸ் எல்லாம் வேண்டியிருந்தது. பாட்காஸ்டுக்குச் சட்டைப்பையில் இருக்கும் போன் போதும்.

பள்ளிப் பிள்ளைகள் இதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். 2019-ல் முதன்முறையாக மாணவர் பாட்காஸ்ட் போட்டி நடத்தியது. ஏறக்குறைய 6,000 பதிவுகள் வந்தன. உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் வென்றவர்கள் டென்னசி மாநிலத்தில் எலிசபெத்டன் என்ற ஊரின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் சொன்னது எர்வின் என்ற பக்கத்துச் சிற்றூரின் கதை. எர்வின் ஒரு ரயில்வே ஊர். 1916 செப்டம்பரில், தன்னை ஓட்டியவனைக் கொன்றுவிட்ட மேரி என்ற சர்க்கஸ் யானையை, அந்த ஊர் ரயில்வே யார்டில் கிரேன் சங்கிலியில் தூக்கிலிட்டார்கள். அந்த அவப்பெயர் நூறு வருடமாக ஊரை விடவில்லை. பிள்ளைகள் அதை மூடி மறைக்கவில்லை. அன்று என்ன நடந்தது, இன்று ஊர் அதிலிருந்து எப்படி மீளப் பார்க்கிறது என்று தங்கள் வாயால் சொன்னார்கள்.

யார்டிலேயே காலம் கழித்த எனக்கு அந்தக் கிரேன் கண்முன் நின்றது. நம் பிள்ளைகளுக்கும் சொல்ல ஒரு ரயில் கதை இருக்கிறதே என்று நினைத்தேன். அதுதான் தனுஷ்கோடி.

முதல் தடவை தப்பு செய்தது நானேதான். பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது முதல் எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் அதை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பித்தார்கள். கேட்டால், வண்டி தாமதம் என்று ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி இருந்தது. பெற்றவர்களே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். “தெரிந்த பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை, இந்தக் கதையே தெரியாத ஒருவருக்குச் சொல்லுவது போலச் சொல்லுங்கள்” என்றேன்.

ஒரு பெண்ணின் பாட்டி ராமேஸ்வரத்தில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது அவருக்கு ஒன்பது வயது. பேத்தி போனில் கேட்டாள். பாட்டி நாற்பது நிமிடம் பேசினார். அதில் பாதி அவருடைய மகனுக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த நாற்பது நிமிடத்தை மூன்று நிமிடமாக்க வேண்டும். அதற்காக அந்தப் பெண் பதிவைப் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டாள். எந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் பத்துத் தடவை கேட்பார்கள்? “தப்பி வந்தவங்களுக்கெல்லாம் எங்கம்மா சோறு வடிச்சுப் போட்டா” என்ற இடத்தில் அவளுக்குத் தட்டியது. குக்கரில் சோறு பொங்கும் வீட்டில் ‘வடிப்பது’ என்ற சொல்லுக்கு ஏது வேலை? மறுபடியும் பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டாள். இப்போது வாரம் ஒரு தடவை தானாகவே கூப்பிடுகிறாளாம்.

இன்னொரு பாடமும் நடந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டியைக் கடல் விழுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் 115 பேர் என்றான் ஒருவன். 200-க்கு மேல் என்றாள் இன்னொருத்தி. பெரிய சண்டை. தேடிப் பார்த்து, கணக்கில் வந்தவர்கள் 115 என்றும், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து அதிகமாகச் சொல்பவர்களும் உண்டு என்றும் இரண்டையும் சொல்லுவதென முடிவாயிற்று. எனக்கு இது மிகவும் பிடித்தது. ரயில்வேயில் பக்கத்து ஸ்டேஷன்காரர் சொன்ன தகவலைத் திருப்பிச் சொல்லி, பிரைவேட் நம்பர் வாங்கி எழுதிக்கொள்வது எங்கள் பழக்கம். காதில் விழுந்ததை அப்படியே நம்பி வண்டியை விடமுடியாது. ஊர் கேட்கப் பேசுகிறோம் என்றதும் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுப்பு வந்துவிட்டது.

உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சீர்செய்ததையும், 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்ததையும், தனுஷ்கோடிக்கு மட்டும் பிறகு ரயில் போகவே இல்லை என்பதையும் சொல்லி முடித்தார்கள். மொத்தம் ஒன்பது நிமிடம். இந்தத் தடவை யாரும் பாதியில் நிறுத்தவில்லை.

செய்து பார்க்க விரும்பும் பிற சங்கத்தாருக்குச் சில குறிப்புகள்:

மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்று அறையில் எதிரொலிக்கும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறை நல்லது. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். குக்கர் விசில் நேரத்தைத் தவிருங்கள். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் நமக்கே சொல்லிக் கொடுப்பார்கள். இயந்திரம் தெரிந்த பையனே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வான். ஆகவே பேசுவது, பேட்டி எடுப்பது, வெட்டுவது என்று முறை வைத்து மாற்றுங்கள். பேட்டி தருபவரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், பள்ளி, விலாசம் பதிவில் வேண்டாம். நாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வெளியே அனுப்புவதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதனால் மட்டும் எழுத்து வராது. பேச்சு சீராகியும், மூன்று பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பையும் ஐந்து வரிச் சுருக்கத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முணுமுணுப்பு இருக்கிறது, எழுதுகிறார்கள்.

இப்போது வகுப்பில் பதினோரு பேர். நிறுத்தும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

அடுத்த பதிவுக்குப் பிள்ளைகளே தலைப்பு வைத்துவிட்டார்கள்: ‘நாம் எப்படி இந்த ஊருக்கு வந்தோம்?’ ஆகவே வரும் வாரங்களில் உங்கள் வீட்டுப் பிள்ளை போனை நீட்டிக்கொண்டு உங்கள் முன் வந்து உட்காரும். சீரியல் முடியட்டும் என்று சொல்லாதீர்கள். கேள்வியில் தமிழ் தப்பாக இருந்தாலும் நடுவில் திருத்தாதீர்கள். எந்த வண்டியில் வந்து இறங்கினீர்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தது, முதல் நாள் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், எல்லாவற்றையும் நிதானமாக, தமிழிலேயே சொல்லுங்கள்.