ஆழ்கடலில் ஒரு கப்பல். கையில் ஒரு கயிறு

கப்பல் மூழ்கிற்று என்று கேட்டால் நம் நெஞ்சம் பதறும். ஆயின், மனிதர் திட்டமிட்டுத் தம் கையாலேயே மூழ்கடிக்கும் கப்பல்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கீ லார்கோ தீவை அடுத்த கடலில் நிற்கும் ‘ஸ்பீகல் குரோவ்’ அத்தகையதே.

510 அடி நீளமுள்ள அக்கப்பல் 1956இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 1989இல் ஓய்வு பெற்றது. மீன்களுக்கு உறைவிடமாகவும், முக்குளிப்போர் பெருக்கத்தால் இயற்கைப் பவளப்பாறைகள் நலியாதிருக்கவும் அதனைக் கடலுள் இறக்க முடிவு செய்தனர். எண்ணெயையும் நச்சுப் பொருள்களையும் அகற்றினர். ஆனால், 2002 மே 17 அன்று குறித்த நேரத்திற்கு முன்னரே அது கவிழ்ந்து, தலைகீழாய் மூழ்கிற்று. முன்முனை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் பெருமுயற்சியால் அதனைப் பக்கவாட்டில் சாய்த்தனர். 2005 ஜூலையில் ‘டென்னிஸ்’ சூறாவளியின் பேரலைகளோ அதனை நிமிர்த்தியே வைத்துவிட்டன!

இன்று அக்கப்பல் ஏறத்தாழ 130 அடி ஆழத்தில் நிற்கிறது. காற்றுக் கலனை முதுகில் சுமந்து இறங்குவோர் அங்கே சீலா மீன்களையும் பெருங்களவாக்களையும் கண்டு மகிழ்கின்றனர். எனினும், 100 அடி ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் நான்கு மடங்காகும். மேலே நாற்பது நிமிடங்களுக்குப் போதுமான காற்று, அங்கே பத்தே நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

கப்பலைச் சுற்றி நீந்துவது வேறு. அதன் உள்ளறைகளில் புகுவது வேறு. காலின் ஓர் அசைவில் வண்டல் கிளம்பும்; விளக்கு இருந்தும் வழி தெரியாது. ஆகவே, உள்ளே செல்பவர் நுழைவாயிலில் ஒரு கயிற்றைக் கட்டி, அதனை விரித்துக்கொண்டே செல்லவேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு மீள்வதற்கு, எஞ்சிய பங்கு இடர் வேளைக்கு என்பது விதி.

2007 மார்ச்சில், அனுபவமுள்ள முக்குளிப்போர் மூவர் கயிறின்றி இக்கப்பலின் ஆழ்ந்த அறைகளுக்குள் சென்றனர். மூவரும் உயிருடன் மீளவில்லை. அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. திரும்பும் வழியைக் காட்டத்தான் கயிறு இல்லை.

அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுள் சிலர் இக்கலையை நாடக்கூடும். அவர்களைத் தடுக்க வேண்டுவதில்லை. முறையாகப் பயின்றாயா, துணையுடன் செல்கிறாயா, அறைக்குள் புகாதிருப்பாயா என்று மட்டும் கேளுங்கள். அந்த மூன்று கேள்விகளே அவர்களின் கையில் நீங்கள் கொடுத்தனுப்பும் கயிறாகும்.